‘பொறுத்துப் போ கண்ணு’ மட்டும் போதுமா? திருப்பூர் குடும்பங்களுக்கு ‘உறவு கவுன்சிலிங்’ ஏன் தேவைப்படுகிறது? - விரிவான அலசல்

2025-ஆம் ஆண்டில் திருப்பூர் மாவட்டம் இரண்டு விஷயங்களுக்காகத் தலைப்புச் செய்தியானது. ஜூன் மாதம், திருமணமாகி மூன்று மாதம்கூட ஆகாத அவிநாசிப் பகுதி இளம்பெண் ஒருவரின் மரணமும், அவர் தந்தைக்கு அனுப்பியதாக வெளியான குரல் பதிவுகளும் தமிழ்நாட்டையே உலுக்கின. ‘பொறுத்துப் போ’ என்று மகள்களிடம் சொல்லும் பழக்கம் பற்றி வீட்டுக்கு வீடு விவாதம் நடந்தது. அடுத்து ஆகஸ்ட் 27-ம் தேதி, இந்தியப் பொருட்களுக்கான அமெரிக்காவின் 50 சதவீத வரி நடைமுறைக்கு வந்தது. ஆர்டர் நிற்குமா, வேலை இருக்குமா என்று பனியன் கம்பெனிகள் பதறின.

இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் திருப்பூர் குடும்பங்களின் இரண்டு பக்கங்களை இவை காட்டின. கல்யாணத்துக்குள் நடக்கும் பிரச்னையைக் கொண்டுபோய்ச் சொல்ல சரியான இடம் இல்லை என்பது ஒன்று. எங்கோ எடுக்கப்படும் ஒரு முடிவு, இங்கே பல லட்சம் வீடுகளின் சனிக்கிழமை சம்பளத்தைத் தொடும் என்பது இன்னொன்று.

மருத்துவ உலகில் ‘ரிலேஷனல் தெரபி’ என்றும், பேச்சு வழக்கில் ‘ஃபேமிலி கவுன்சிலிங்’ என்றும் சொல்லப்படும் உறவு சார்ந்த சிகிச்சை இந்த இடத்தில்தான் பேசுபொருளாகிறது. அது என்ன? பஞ்சாயத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? திருப்பூர் போன்ற ஊரில் அது வேலை செய்யுமா? பார்க்கலாம்.

உறவு கவுன்சிலிங் என்றால் என்ன?

வழக்கமான கவுன்சிலிங்கில் ஒரு ஆள், அவருடைய மனசு, அவருடைய பிரச்னை என்று பேச்சு போகும். உறவு கவுன்சிலிங்கில் இரண்டு பேருக்கு, அல்லது ஒரு குடும்பத்துக்கு, இடையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்பார்கள். ‘தப்பு யார் மேல?’ என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, ‘சண்டை எப்படி ஆரம்பிக்கிறது, எப்படிச் சுற்றுகிறது, எங்கே போய் நிற்கிறது?’ என்று கேட்பதுதான் இதன் அடிப்படை.

ஒரு உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். கணவர் ஒரு கம்பெனியில் டெய்லர். மனைவி இன்னொரு கம்பெனியில் செக்கிங். இருவரும் இரவு 9 மணிக்கு வீடு திரும்புகிறார்கள். ‘வாடகைக்குப் பணம் எடுத்து வெச்சீங்களா?’ என்று மனைவி கேட்கிறார். கணவர் பதில் சொல்லாமல் போனை எடுக்கிறார். பதில் வராததால் மனைவியின் குரல் உயர்கிறது. குரல் உயர்ந்ததால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிறார். அவர் வெளியே போவதால், ‘இந்த ஆளுக்குக் குடும்பத்து மேல அக்கறையே இல்லை’ என்ற முடிவுக்கு மனைவி வருகிறார்.

மனைவியைக் கேட்டால், ‘அவர் வாயைத் திறக்க மாட்டேங்கிறார், அதான் கத்துறேன்’ என்பார். கணவரைக் கேட்டால், ‘வீட்டுக்குள்ள வந்ததும் கத்துறா, அதான் பேசறதில்லை’ என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். ஒருவர் துரத்த இன்னொருவர் விலகும் இந்தச் சுழலை, கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் சூ ஜான்சன் போன்றவர்கள் 1980-களில் இருந்து விரிவாக ஆராய்ந்தார்கள். ‘உங்கள் இருவருக்கும் எதிரி இந்தச் சுழல்தான்’ என்று இருவரையும் ஒரே பக்கம் நிற்க வைப்பது அவர்கள் உருவாக்கிய சிகிச்சையின் முக்கியமான படி.

சரி, அந்தக் கணவர் ஏன் பதில் சொல்லவில்லை? இந்த வாரம் ஆர்டர் குறைந்து சம்பளம் பாதிதான் வந்திருக்கலாம். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருக்கலாம். அந்த ஒரு வாக்கியம் வெளியே வர ஓர் இடம் அமைத்துக்கொடுப்பதுதான் கவுன்சிலரின் வேலை.

திருப்பூரில் என்ன ஸ்பெஷல்?

சண்டை இல்லாத வீடு எந்த ஊரிலும் கிடையாது. ஆனால் திருப்பூரில் ஒரு குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் பறிபோகின்றன. நேரம், சொந்தபந்தம், நிலையான வருமானம்.

முதலில் நேரம். இந்திய பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் திருப்பூரில் இருந்து போகிறது. 2024-25 நிதியாண்டில் இதன் மதிப்பு சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய் என்கிறார்கள் ஏற்றுமதியாளர்கள். கப்பல் ஏற்றும் தேதி நெருங்கினால் கம்பெனிகளில் ‘ஒன்றரை ஷிப்ட்’ சாதாரணம். அதாவது காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வர முடியும். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், குழந்தையைத் தூங்க வைத்த பிறகு மிஞ்சுவது அரை மணி நேரம். அதிலும் பேச்சு வாடகை, வட்டி, ஸ்கூல் ஃபீஸ் என்றுதான் இருக்கும்.

இரண்டாவது, சொந்தபந்தம். மதுரை, தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம் போன்ற மாவட்டங்களில் இருந்து தலைமுறையாக இங்கே பிழைக்க வருகிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாமில் இருந்தும் வருகிறார்கள். குடியிருப்பது லைன் வீடுகளிலும் காம்பவுண்டு வீடுகளிலும். பக்கத்துச் சுவருக்கு எல்லாம் கேட்கும், ஆனால் உரிமையோடு உள்ளே வந்து ‘என்னப்பா பிரச்னை?’ என்று கேட்கும் சித்தப்பாவோ அத்தையோ அங்கே இருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, வருமானம். திருப்பூரின் கடந்த 15 ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால் அதிர்ச்சிகளின் வரிசை தெரியும். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாய ஆலைகள் மூடப்பட்டன. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு. வாரா வாரம் கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்கிய ஊர் திணறியது. 2020-ல் கொரோனா ஊரடங்கு. 2022-ல் நூல் விலை உயர்வு. 2025-ல் அமெரிக்க வரி. இவை எதையும் ஒரு டெய்லரோ, கைமடி வேலை செய்யும் பெண்ணோ முடிவு செய்யவில்லை. ஆனால் பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர் வீட்டில், ஆர்டர் குறைந்த அதே வாரம் அடுப்படி வரை அது தெரிந்துவிடும்.

காதல் கல்யாணமும் சொந்தங்களின் துணையும்

பனியன் கம்பெனிகளில் ஆணும் பெண்ணும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். அதனால் காதல் திருமணங்கள் இங்கே புதிதல்ல. இதை நேரில் ஆராய்ந்தவர், இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக மானுடவியலாளர் கீர்ட் டி நெவ். 2016-ல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரை திருப்பூரின் காதல் திருமணங்களைப் பற்றியது.

காதலா, பெரியவர்கள் பார்த்துவைத்ததா என்பதைவிட, கல்யாணத்துக்குப் பிறகு சொந்தங்களின் துணை இருக்கிறதா என்பதை வைத்தே மக்கள் ஒரு திருமணத்தை எடைபோடுகிறார்கள் என்பது அதன் முக்கியமான கருத்து. சீர், நகை, தொழிலுக்குக் கைமாற்று, பிரசவத்துக்கு அம்மா வீடு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் என எல்லாமே சொந்தம் வழியாக வரும் ஊரில், வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்த ஜோடி எல்லாவற்றையும் தனியாகச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்குள் சண்டை வந்தால், ‘நீயாத்தானே தேடிக்கிட்டே’ என்ற பதில் தயாராக இருக்கும். அதனாலேயே பலர் வெளியே சொல்வதில்லை.

சாதி மறுப்புத் திருமணம் என்றால் உயிருக்கே ஆபத்து வரலாம். 2016 மார்ச் 13-ல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதும், அவர் மனைவி கௌசல்யா படுகாயம் அடைந்ததும் இதே மாவட்டத்தில்தான். 2018-ல் ‘சக்தி வாகினி’ வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும், பாதுகாப்பு இல்லங்களும், 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று உத்தரவிட்டது. ‘பெரியவங்களை வெச்சுப் பேசித் தீர்த்துக்கோங்க’ என்ற அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

மில் ஹாஸ்டலில் இருந்து மாமியார் வீட்டுக்கு

திருப்பூர், கோவை, ஈரோடு, திண்டுக்கல் மாவட்ட நூற்பு ஆலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்கள் வேலைக்கு எடுக்கப்பட்டது பழைய கதை அல்ல. மூன்று ஆண்டு வேலை, ஹாஸ்டல் வாசம், முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை. தொழிலாளர் உரிமை அமைப்புகளின் கடும் விமர்சனத்துக்குப் பிறகு அந்தப் பெயர் மறைந்தாலும், ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்தப் பெண்களின் வாழ்க்கையில் மாற்றங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வருவதில்லை, ஒரேயடியாக வருகின்றன. வேலையை விடுவது, கல்யாணம், புது ஊர், புது வீடு, சில மாதங்களில் கர்ப்பம். வாழ்க்கை மாற்றங்கள் எவ்வளவு அழுத்தம் தரும் என்பதை அளக்க, 1967-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஹோம்ஸ், ராஹே இருவரும் ஒரு பட்டியல் தயாரித்தார்கள். மொத்தம் 43 நிகழ்வுகள். துணையை மரணத்தில் இழப்பதற்கு 100 மதிப்பெண், விவாகரத்துக்கு 73. சந்தோஷமான நிகழ்வுகளும் அதில் இருக்கின்றன.

அந்தப் பட்டியலின்படி திருமணம் 50, வேறு வேலைக்கு மாறுவது 36, மாமியார் வீட்டாருடன் உரசல் 29, வீடு மாறுவது 20, வேலை நேரம் மாறுவது 20. புதிதாகக் கல்யாணமாகித் திருப்பூருக்கு வரும் ஒரு பெண் இவை எல்லாவற்றையும் சந்தித்தால் 155. அந்த அளவுகோலில் 150-ஐத் தாண்டினாலே உடல்நலம் கெடும் வாய்ப்பு கூடுகிறது என்று பொருள். அமெரிக்காவில் உருவான பழைய பட்டியல்தான், நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ‘நல்லாத்தானே கட்டிக் கொடுத்திருக்கோம், அப்புறம் என்ன கஷ்டம்?’ என்று கேட்பவர்களுக்கு அதில் ஒரு பதில் இருக்கிறது.

ஆண்களுக்கும் இதே கதைதான். ஊரில் விவசாயம் பார்த்தவர் இங்கே வந்து பவர் டேபிளில் உட்கார்கிறார். சொந்தமாக நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்தவர், கடனில் மெஷினை விற்றுவிட்டு மறுபடியும் கூலிக்குப் போகிறார். ‘தொழிலாளியா வந்தவன் முதலாளி ஆகலாம்’ என்பதைப் பெருமையாகச் சொல்லும் ஊர் இது. முதலாளி ஆனவர் மறுபடி தொழிலாளி ஆகும்போது அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

புள்ளிவிவரம் என்ன சொல்கிறது?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அதில் 31.7 சதவீதத்துக்குக் காரணமாகக் குறிப்பிடப்பட்டது ‘குடும்பப் பிரச்னை’. திருமணம் தொடர்பான பிரச்னைகள் தனியாக 4.8 சதவீதம். இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல், அதாவது 26.4 சதவீதம் பேர், தினக்கூலிகள். மாநிலங்களில் 19,834 மரணங்களுடன் தமிழ்நாடு இரண்டாவது இடம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. காவல்துறைப் பதிவேட்டில் ஒரு மரணத்துக்கு ஒரு காரணம்தான் எழுதப்படும். நிஜத்தில் கடன், குடி, வேலை இழப்பு, மன அழுத்த நோய், வீட்டுச் சண்டை எல்லாம் பின்னிக் கிடக்கும். ‘குடும்பப் பிரச்னை’ என்ற ஒரே சொல் அத்தனையையும் மூடிவிடுகிறது. குடும்பத்தை மட்டும் உட்கார வைத்துப் பேசி, வட்டிக் கடனைப் பற்றிப் பேசாமல் விடும் கவுன்சிலிங்கும் அதனால் பாதி வேலைதான்.

இப்போது மக்கள் எங்கே போகிறார்கள்?

முதலில் சொந்தக்காரர்களிடம். அடுத்து ஊர்ப் பெரியவர்கள், சாதிச் சங்கம், கட்சிக்காரர்கள். அதிலும் தீராவிட்டால் அனைத்து மகளிர் காவல் நிலையம். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் நிலையம் தொடங்கிய பிறகு, தமிழ்நாட்டுப் பெண்கள் குடும்பப் புகாரோடு போகும் முக்கியமான இடம் அதுதான். அங்கே இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவதை மக்களும் ‘கவுன்சிலிங்’ என்றே சொல்கிறார்கள்.

கடைசியில் நீதிமன்றம். 1984-ன் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9-வது பிரிவு, முதலில் சமரசத்துக்கு முயற்சி செய்வதை நீதிமன்றத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. கவுன்சிலர்களை நியமிக்கவும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. பரஸ்பர விவாகரத்துக்கு 6 மாதக் காத்திருப்பு இருக்கிறது. அது கட்டாயமில்லை, தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இந்த எல்லா இடங்களுக்கும் ஒரு பொதுவான குணம் உண்டு. பிரச்னை முற்றிய பிறகுதான் அங்கே போவார்கள். போனதும் ‘யார் தப்பு?’ என்பதும் ‘சேர்ந்து வாழ்றீங்களா, பிரியறீங்களா?’ என்பதும்தான் கேள்வியாக இருக்கும். சேர்த்து வைத்தால் வெற்றி, பிரிந்தால் தோல்வி என்ற கணக்கு. எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டால், அந்தச் சுழல் அடுத்த சனிக்கிழமையே மறுபடி ஆரம்பிக்கும்.

உள்ளே போனால் என்ன நடக்கும்?

பயிற்சி பெற்ற கவுன்சிலர் முதல் சந்திப்பில் தீர்ப்பு எதுவும் சொல்ல மாட்டார். பெரும்பாலும் இருவரையும் சேர்த்து ஒரு முறை, தனித்தனியாக ஒரு முறை பார்ப்பார். தனியாகப் பார்ப்பது முக்கியம். அடி, மிரட்டல், வரதட்சணைக் கொடுமை இருக்கிறதா என்பதைத் துணையின் முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்து, குடும்ப வரைபடம் போடுவார்கள். தாத்தா பாட்டி காலத்தில் இருந்து யார் யார், யாரோடு யார் பேசுவதில்லை, யாருக்குக் குடிப்பழக்கம், யார் சீக்கிரம் இறந்தார்கள் என்பதெல்லாம் ஒரு தாளில் வரும். ‘எங்கப்பாவும் இப்படித்தான் சொல்லாம கொள்ளாம வெளிய போயிடுவாரு’ என்பது அங்கேதான் ஒருவருக்கு முதல்முறையாகப் புரியலாம்.

பிறகுதான் பேச்சுப் பயிற்சி. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் கேட்பது, கேட்டதைத் திருப்பிச் சொல்வது, ‘நீ எப்பவும் இப்படித்தான்’ என்பதற்குப் பதில் ‘நேத்து நீங்க வராதப்போ எனக்குப் பயமா இருந்துச்சு’ என்று சொல்வது. தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பல ஆண்டுகள் கவனித்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், உறவை முறிக்கும் பழக்கங்களாக நான்கைச் சொல்கிறார்: ஆளையே குறை சொல்வது, இளக்காரம், எதற்கெடுத்தாலும் சாக்கு, வாயை மூடிக்கொண்டு சுவராகிவிடுவது. இதில் அதிக ஆபத்தானது இளக்காரம் என்பது அவர் முடிவு.

இது ஒரே நாளில் முடிகிற விஷயம் இல்லை. பொதுவாக 8 முதல் 20 சந்திப்புகள் வரை ஆகலாம். சேர்ந்து வாழ்வது மட்டுமே இதன் இலக்கும் கிடையாது. பிரிவதுதான் சரி என்று இருவரும் முடிவெடுத்தால், குழந்தையை நடுவில் நிறுத்தி இழுக்காமல் கண்ணியமாகப் பிரிய உதவுவதும் இதே சிகிச்சைதான்.

எப்போது சேர்ந்து உட்காரக் கூடாது?

வீட்டில் அடி உதை இருக்கும்போது, பயத்தில் இருப்பவரை அடிப்பவர் பக்கத்திலேயே உட்கார வைத்து ‘மனசு விட்டுப் பேசுங்க’ என்று சொன்னால், அவர் உண்மையைச் சொல்ல மாட்டார். சொன்னால், வீட்டுக்குப் போனதும் அதற்கும் சேர்த்து அடி விழும். ‘இருவர் பக்கமும் தப்பு இருக்கும்’ என்ற பார்வை வன்முறைக்குப் பொருந்தாது. அடிப்பது அடித்தவரின் தப்பு மட்டும்தான்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 14-வது பிரிவு, இருவரையும் தனியாகவோ சேர்ந்தோ கவுன்சிலிங் போகச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அதற்கான விதிகளில் தெளிவான கட்டுப்பாடு உண்டு. இனி வன்முறையில் ஈடுபட மாட்டேன் என்று எதிர்த்தரப்பு உறுதிமொழி தர வேண்டும். ‘அவ இப்படிப் பேசினா, அதனாலதான் அடிச்சேன்’ என்று நியாயம் சொல்ல கவுன்சிலிங்கில் அனுமதியே கிடையாது. இந்த விதி பரவலாகத் தெரிந்திருந்தாலே, பஞ்சாயத்துகளிலும் காவல் நிலையங்களிலும் நடக்கும் பல ‘சமரசப் பேச்சுகள்’ வேறு மாதிரி இருக்கும்.

அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவருக்கு முதல் தேவை பாதுகாப்பு. மாவட்டப் பாதுகாப்பு அலுவலர், ஒருங்கிணைந்த சேவை மையம், 181 மகளிர் உதவி எண் ஆகியவை அதற்குத்தான்.

இது வெளிநாட்டுச் சரக்கா?

‘கவுன்சிலிங் எல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்’ என்பது பரவலான எண்ணம். ஆனால் குடும்பத்தைச் சேர்த்து வைத்துச் சிகிச்சை தருவதில் இந்தியாவுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளோடு உறவினர்களையும் வளாகத்தில் கூடாரங்களில் தங்கவைத்தார். அதே காலகட்டத்தில் தமிழ்நாட்டில், வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையம், நோயாளியோடு குடும்பமும் தங்கும் முறையைக் கொண்டுவந்தது. நோயாளியை உறவுகளிடம் இருந்து பிரித்து அடைத்துவைப்பது வழக்கமாக இருந்த நேரத்தில் இங்கே நடந்த மாற்றம் இது.

பெரிய டிகிரி வாங்கியவர்கள்தான் இதைச் செய்ய முடியும் என்பதும் இல்லை. குடும்ப சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான சால்வடார் மினுச்சின், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஏழைக் குடும்பங்களோடு வேலை செய்தபோது, அந்தப் பகுதி மக்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார். கோவாவில் ‘சங்காத்’ அமைப்பு, உள்ளூர்வாசிகளுக்குப் பயிற்சி தந்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மது பாதிப்புள்ள ஆண்களுக்குக் கவுன்சிலிங் கொடுக்க வைத்தது. ‘லான்செட்’ இதழில் 2017-ல் வெளியான முடிவுகளின்படி, மூன்று மாதத்தில் பிரச்னைக்குரிய குடியில் இருந்து மீண்டவர்கள், கவுன்சிலிங் பெற்றவர்களில் 36 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம். சனிக்கிழமை சம்பளம் டாஸ்மாக் வழியாக வீட்டுக்கு வரும் ஊருக்கு இந்தக் கணக்கு முக்கியமானது.

அப்படியென்றால் சிக்கல் எங்கே?

ஒன்று, நேரம். அரசு மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவு பெரும்பாலும் வேலைநாள் காலையில்தான் இயங்கும். பனியன் தொழிலாளிக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. கணவன், மனைவி இருவரும் வர வேண்டும் என்றால் இரண்டு பேரின் ஒரு நாள் கூலி போகும். எட்டு முறை வரவேண்டும் என்றால் யார் வருவார்கள்?

இரண்டு, தரம். ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று போட்டுக்கொள்ள, 1992-ன் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். ஆனால் வெறும் ‘கவுன்சிலர்’ என்று போர்டு மாட்ட நீண்ட காலமாகக் கட்டுப்பாடு இல்லை. இவர்களையும் பதிவுக்குள் கொண்டுவர 2021-ல் தனிச் சட்டம் வந்தது. எனவே போகிறவர்கள் தயங்காமல் கேட்கலாம்: என்ன படித்திருக்கிறீர்கள், பதிவு எண் என்ன, இதற்கு முன் தம்பதிகளுக்கு கவுன்சிலிங் கொடுத்திருக்கிறீர்களா? முதல் நாளே ஜாதகம் கேட்பவர், ‘பொண்ணுதான் அனுசரிச்சுப் போகணும்’ என்று ஆரம்பிப்பவர், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் போட்டுக்கொடுப்பவர் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

மூன்று, மொழி. ஒடியாவும் இந்தியும் வங்காளமும் பேசும் தொழிலாளர்களுக்குத் தமிழில் கவுன்சிலிங் கொடுத்து என்ன பயன்?

நான்கு, வெட்கம். ‘மனநலப் பிரிவுக்குப் போனால் பைத்தியம் என்பார்கள்’ என்ற பயம் இன்னும் போகவில்லை. ‘குடும்ப மானம்’ பற்றிய பயம் அதைவிடப் பெரிது.

என்ன செய்யலாம்?

இந்த நான்குக்கும் பெரிய செலவில்லாத வழிகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையும், வேலைநாளில் இரவு ஏழு மணிக்கு மேலும் இயங்கும் ஒரு ஆலோசனை மையம் முதல் தேவை. கம்பெனிகளில் ஏற்கெனவே மனிதவள அலுவலர்களும், ஹாஸ்டல்களில் வார்டன்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வன்முறையையும் தற்கொலை எண்ணத்தையும் அடையாளம் கண்டு சரியான இடத்துக்கு அனுப்பும் பயிற்சி கொடுக்கலாம். ஆனால் தொழிலாளி சொன்னது நிர்வாகத்தின் காதுக்குப் போகாது என்ற உத்தரவாதம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

திருமணத்துக்கு முன்பே ஒரு முறை இருவரும் உட்கார்ந்து பேசுவதும் உதவும். சம்பளம் யார் கையில், பெற்றோருக்கு எவ்வளவு அனுப்புவது, கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போவாரா, குழந்தை எப்போது, இருக்கும் கடன் எவ்வளவு? பவுன் கணக்கும் மண்டப வாடகையும் மாதக்கணக்கில் பேசுகிற குடும்பங்கள், இந்த ஐந்து கேள்விகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

கவுன்சிலிங்கால் ஆர்டர் வராது, வட்டி குறையாது, வீட்டு வாடகை இறங்காது. ஒன்றரை ஷிப்டை அப்படியே வைத்துக்கொண்டு ‘மனசு விட்டுப் பேசுங்க’ என்று சொல்வதும் நியாயமில்லை. வேலை நேரம், கூலி, குழந்தைகள் காப்பகம் ஆகியவையும் குடும்ப நலனுக்கான விஷயங்கள்தான். அவை சரியாகும் வரை காத்திருக்க முடியாத வீடுகளுக்கு, சண்டை காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன்பே உதவும் ஒரு கதவு தேவை. அதைத்தான் இந்த கவுன்சிலிங் தர முடியும்.

யாரை அணுகலாம்?

* 14416: ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண். தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம். பிற மாநிலத் தொழிலாளர்கள் தங்கள் மொழியிலும் பேசலாம்.
* 104: தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண். மனநல ஆலோசனையும் கிடைக்கும்.
* 181: மகளிர் உதவி எண். குடும்ப வன்முறை, வரதட்சணைக் கொடுமை பற்றிப் புகார் சொல்லலாம்.
* 1098: குழந்தைகள் உதவி எண்.
* 112: உடனடி ஆபத்து என்றால்.
* நேரில் போக: திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையம், மாவட்டச் சமூக நல அலுவலகம்.

(தற்கொலை எந்தப் பிரச்னைக்கும் தீர்வாகாது. அப்படிப்பட்ட எண்ணம் உங்களுக்கோ, உங்களுக்குத் தெரிந்தவருக்கோ இருந்தால், உடனே 14416 அல்லது 104 என்ற எண்ணை அழைத்துப் பேசுங்கள்.)